நீலம் பூசிய வண்டி

ஆனி 19, வியாழன்

டிராக்டர் வாங்கியாயிற்று. எழுதிவிட்டு ஒரு தரம் படித்தும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய வண்டி. ஆத்தூரில் அங்கமுத்து என்ற மெக்கானிக்கின் பட்டறையில் நிற்கிறது. நீலப் பெயிண்ட் அடித்து, மேலே வெயிலுக்குத் தகரக் கூரை ஒன்றை வெல்டு வைத்திருக்கிறார்கள். நானே ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் என்ஜின் சத்தத்தைக் கேட்டேன். "என்னக்கா, ரேடியோவா கேக்கறீங்க?" என்று அங்கமுத்து சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். வாங்குகிறவள் நான்தானே கேட்க வேண்டும்.

எதற்கு வாங்கினேன் என்றால், உழவுக்கு. வாய்க்காலில் தண்ணீர் விட்டாகிவிட்டது, மஞ்சள் நடவில்லை. வாடகை டிராக்டர்காரன் "நாளைக்கு வர்றனுங்க" என்று சொல்லிச் சொல்லியே ஆனி பாதி போய்விட்டது. சொந்த வண்டி இருந்தால் எவனுடைய வாயையும் பார்க்க வேண்டியதில்லை. வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

இவருக்குச் சொல்லவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன் என்றேன். "அங்க என்ன கொழம்பு?" என்றார். தட்டப்பயறு என்றேன். அவ்வளவுதான் இன்றைக்கு நாங்கள் பேசிக்கொண்டது.

முன்பு இப்படி இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் கரையில் எங்கள் டிராக்டர் கவிழ்ந்து, இவருக்கு இடுப்பும் வலது காலும் நொறுங்கின. எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. இவர் கட்டிலிலிருந்து மாட்டுக் கொட்டாய் வரைக்கும் தடியூன்றி நடப்பார். அதற்கு மேல் ஓர் அடி கிடையாது. தோட்டத்தைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. எவன் டிராக்டராவது வாசல் வழியாகப் போனால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார். நாதசுரம் வாசித்தாலும் சரி, நாய் சண்டை போட்டாலும் சரி, அந்தச் சேனலையே கூட்டுவார்.

அங்கமுத்து ஒரு விஷயம் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

ஆனி 20, வெள்ளி

கருப்பி கன்று போட்டாள். கிடாரி. சீம்பால் காய்ச்சி இவருக்குக் கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

ஆனி 22, ஞாயிறு

கொழுந்தன் சென்னியப்பன் வந்தான். நல்லவன்தான். ஆனால் வாயைத் திறந்தால் சகுனம், மூடினால் சாஸ்திரம். என் அண்ணன் அவனிடம் உளறிவிட்டார் போலிருக்கிறது. இவர் காதில் விழாதபடி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆரம்பித்தான்.

"நங்கையா, வண்டி வாங்கறது சரி. அத எப்படிக் கொண்டாறீங்க?"

"வாடகைக்கு டிரெய்லர் லாரி புடிச்சு, மேல ஏத்திக்கிட்டு வரப்போறேன். இன்சூரன்ஸ் முடிஞ்சு போச்சு, பேரும் மாத்தல. அத்தன தூரம் மெயின் ரோட்டுல ஓட்டியாற முடியுமா?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"சக்கரம் இருக்கற வண்டியத் தூக்கிட்டு வரக் கூடாதுங்க. நம்மூருக்குள்ள தூக்கிட்டு வர்றது ஒண்ணே ஒண்ணுதான், அது என்னன்னு உங்களுக்கே தெரியும்."

"அது சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போறது. வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றதில்ல. போ, போயி வேலையப் பாரு."

அவன் போகவில்லை. பழைய சிவப்பு வண்டியைப் பேச்சில் இழுத்தான். விபத்து நடந்த வாரமே அதை ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டவன் அவன்தான். "காவு கேட்ட வண்டி அது. பிரேக்கு புடிக்கலன்னு அண்ணனே சொன்னாரல்லோ. அது போனதோட சனி போச்சுன்னு இருந்தேன், மறுபடியும் ஒரு வண்டியா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பித்தளைப் போசியைக் கீழே வைத்த சத்தம் வீட்டுக்குள் கேட்டிருக்கும். "இரும்புக்கு என்னடா காவு? அது என்ன கறி திங்குதா?" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்து போய்விட்டான். அவ்வளவு கத்தியிருக்க வேண்டாம்.

போகும்போது, "புது வண்டி என்ன கலருங்க?" என்றான்.

"நீலம்" என்றேன்.

"நல்லதுங்க" என்றான்.

ஆனி 24, செவ்வாய்

அண்ணன் தோட்டத்தில் அவருடைய டிராக்டரை ஓட்டிப் பழகுகிறேன். இன்றோடு நன்றாகவே வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் இவர் என்னைக் களத்தில் உட்கார வைத்து ஓட்டச் சொல்லிக் கொடுத்தார், மாமியார் வந்து அதட்டும் வரைக்கும். கை மறக்கவில்லை. முன்னால் போகிறது, பின்னால் வருகிறது, நான் சொன்ன இடத்தில் நிற்கிறது. இதற்குத்தான் ஆம்பிளைகள் இத்தனை நாள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்!

ஒன்றே ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். டிராக்டருக்குப் பிரேக் ஒன்றல்ல, இரண்டு. இடது சக்கரத்துக்கு ஒரு மிதி, வலது சக்கரத்துக்கு ஒரு மிதி, பக்கத்துப் பக்கத்தில். வயலுக்குள் சட்டென்று திரும்ப வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் மிதிக்கலாம். வயலை விட்டு வெளியே வந்தால், இரண்டு மிதியையும் சேர்த்து ஒரு கொக்கியால் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் கரையிலோ ரோட்டிலோ ஒன்றை மட்டும் அழுத்திவிட்டால், ஒரு சக்கரம் நின்று ஒரு சக்கரம் ஓடும். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், நடுவில் இரண்டு தரம் குனிந்து பார்க்கிறேன். அண்ணன் சிரிக்கிறார். "ஏ அம்மிணி, கொக்கி என்ன ஓடியா போயிரும்? எத்தன தரம்தா பாப்ப?"

பார்ப்பேன்.

ஆனி 27, வெள்ளி

டிரெய்லர் கிடைத்துவிட்டது. டிரைவர் பெயர் மாதேசு. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வண்டி சும்மா இருக்குமாம், மற்ற நாளெல்லாம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமையில் எவனும் வண்டி எடுக்கமாட்டான், அதனால்தான் சும்மா இருக்கிறது. சரி, செவ்வாயே வா என்று சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த நாள் ஆனி முடிகிறது. ஆடி பிறந்துவிட்டால் சென்னியப்பன் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வான்.

மத்தியானம் கொட்டாயின் மேற்குப் பக்கத்தை ஒழித்தேன். பழைய வண்டி நின்ற இடம். இரண்டு வருஷமாகப் பருத்திமாரும் தென்னை மட்டையும் அடைந்து கிடந்தன. ஒரு பாம்புச் சட்டை வேறு. இவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு ஒழிக்கற?"

"வெறகு அடுக்கறதுக்குங்க. மழையில நனையுது."

கூரையின் ஓட்டு விளிம்பை அண்ணாந்து பார்த்து, "அக்கட்ட எறவாரம் தாழ்வா இருக்குது, இடிக்கும்" என்றார்.

"நா பாத்துக்கறனுங்க" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். வேலை மும்முரத்தில் நான் தலையைத் தூக்கவில்லை. கையெல்லாம் சுணை, குளித்தும் போகவில்லை.

ஆனி 31, செவ்வாய். காலை, ஆத்தூர்

மாதேசு டீ குடிக்கப் போயிருக்கிறான். நான் லாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வண்டியை ஏற்றுவதற்குள் பெரிய கூத்தாகிவிட்டது. டிரெய்லரின் பின்னால் இரண்டு இரும்புப் பலகையைச் சாய்த்து, அதன் மேல் டிராக்டரை ஓட்டி ஏற்ற வேண்டும். அங்கமுத்து ஓட்டினார். முன் சக்கரம் ஏறியது. பின் சக்கரம் பலகையில் பட்டதும் பலகை வில்லாக வளைந்தது. மாதேசு, "நிறுத்து, நிறுத்து" என்று குதிக்கிறான். "அக்கா, இந்த வண்டி இத்தன கனமே இருக்காதே! உள்ள என்ன பாறாங்கல்லு வச்சிருக்குதா?"

"பின் டயருல தண்ணி இருக்கும்" என்றேன். சேற்று உழவுக்கு வண்டி வழுக்காமல் இருக்க, பின் டயரில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். "எறக்கிட்டு ஏத்துங்க."

அங்கமுத்து டயரைத் தட்டிப் பார்த்தார். "ஆமாக்கா. எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏதோ தெரியும்."

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றி, வால்வைக் கீழே கொண்டுவந்து கழற்றினார். பீச்சிக்கொண்டு வந்தது. பட்டறை வாசலில் ஓடி, சாக்கடையோரம் தேங்கியது. கையைக் கொஞ்சம் நீட்டினேன். துருவும் ரப்பரும் சேர்ந்த நாற்றம். ஆனாலும் நம் கிணற்றுத் தண்ணீர் அல்லவா. அதை நிரப்பிய அன்றைக்குக் குழாயைப் பிடித்தது நான். இவர் வால்வைப் பிடித்துக்கொண்டு, "போதும் போதும், ஆனையா வளக்கற?" என்று சிரித்தார். அந்தத் தண்ணீர்.

சரி. எழுதிவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. இது எங்கள் வண்டிதான். சிவப்பை மறைத்து நீலம் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். புரோக்கரைப் பிடித்து, அவன் யாருக்குக் கொடுத்தான், அவர்கள் யாருக்குக் கொடுத்தார்கள் என்று விசாரித்து விசாரித்து நான்தான் கண்டுபிடித்தேன். ஊரில் வேறு வண்டி கிடைக்காமலா? கிடைக்கும். ஆனால் வேறு வண்டி வந்தால் இவர் அதற்கும் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இந்த வண்டி வந்து வாசலில் நின்று, ஒன்றும் செய்யாமல், தன் பாட்டுக்கு உழுதுகொண்டிருந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வெளியே வந்து பார்க்க மாட்டாரா? எனக்கு இவர் பழையபடி வேண்டும். அதற்குத்தான் இத்தனையும். உழவு இரண்டாவதுதான்.

கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. தடியால் அடிக்க மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். அதுவே எனக்குப் போதுமான தண்டனை. ஆனால் அப்படி ஆகாது.

மாதேசு வருகிறான்.

அதே நாள். மதியம், சங்ககிரி தாண்டி

எலுமிச்சைச் சோறு தின்றோம். மாதேசுக்கு ஊறுகாய் பிடித்துப்போய்விட்டது. ஒவ்வொரு வேகத்தடையிலும் நான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். "அக்கா, சங்கிலி போட்டு நாலு பக்கமும் இறுக்கியிருக்கேன். உங்க வண்டி எங்கியும் எறங்கி ஓடாது" என்கிறான். எனக்குத் தெரியாதா? சும்மா பார்க்கிறேன்.

அதே நாள். விளக்கு வைத்த பிறகு, வீட்டில்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கொடுமுடி ரோட்டிலிருந்து எங்கள் நாச்சிவலசுக்குத் திரும்பினால், ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாலம். அதைத் தாண்டினால் ஊர்தான். பாலத்துக்கு முன்னால், இதற்கு மேல் உயரமான வண்டி போகக் கூடாது என்று குறுக்கே ஓர் இரும்புச் சட்டம் கட்டியிருக்கிறார்கள். நான் தினமும் பால் ஊற்றுவதற்கு மொபட்டில் அதற்கு அடியில்தான் போய்வருகிறேன். மொபட்டில் போகிறவள் மேலே எதற்குப் பார்க்கப் போகிறாள்? டிரெய்லர், அதற்கு மேல் டிராக்டர், அதற்கு மேல் அந்தத் தகரக் கூரை. மாதேசு பிரேக் போட்டு நிறுத்தினான். இறங்கிப் பார்த்தால் ஒரு முழம் இடிக்கிறது.

"அக்கா, பாதை பாத்துட்டுத்தான வரச் சொன்னீங்க?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன். கீழ பாத்தேன்."

கூரையைக் கழற்றலாம் என்றால் வெல்டு. டயர் காற்றை இறக்கினாலும் ஒரு சாண் கூட இறங்காது. சுற்றுப்பாதையில் பாலம் வேலை நடக்கிறது. ஒரே வழிதான், இங்கேயே இறக்கி ஓட்டிக்கொண்டு போக வேண்டும். மாதேசு சங்கிலியை அவிழ்த்தான், பலகையைச் சாய்த்தான், கையைக் கட்டிக்கொண்டான்.

"எறக்குங்க."

"நீ எறக்கித் தரமாட்டியா?"

"ஏத்துறதும் எறக்குறதும் பார்ட்டி ஆளுதான்க்கா. எங்க தொழில்ல அதுதான் மொற. ஏதாவது ஆச்சுன்னா எங்க மொதலாளி என்னத் தொலைச்சுருவாரு."

ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்தேன். டிரெய்லர் மேல் டிராக்டர், டிராக்டர் மேல் நான். ஊர்க் கோபுரமே தெரிகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு பலகையும் இரண்டு வாழை நார் மாதிரி இருக்கின்றன. அதன் மேல் பின்னாலேயே இறக்க வேண்டும். எனக்குப் பயம் கிடையாது. தொடை கொஞ்சம் நடுங்கியது, அது என்ஜின் அதிர்வு. அதற்குள் எங்கள் மினி பஸ் பின்னால் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். "அது நம்ம தெய்வாத்தாளல்லோ!" என்று ஒரு குரல்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. இவர்.

"எங்க இருக்கற? பால் கறக்கற நேரம் தாண்டிருச்சு."

"வந்துட்டே இருக்கறனுங்க. பாலத்துக்கிட்ட."

"என்ன சத்தம் அது?"

"லாரி சத்தமுங்க."

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்திருக்கலாம், தோன்றவில்லை.

"லாரி இல்ல" என்றார். "நம்ம வண்டி அது. நின்னு ஓடறப்ப நடுவுல ஒரு தட்டுத் தட்டும். எனக்குத் தெரியாதா?"

கட் செய்துவிட்டார்.

என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். மாதேசு, "என்னக்கா ஆச்சு?" என்றான். ஒன்றும் இல்லை, சித்தெ இருப்பா என்றேன். பஸ் கண்டக்டர் வந்து சத்தம் போட்டான். அவனை ஒரு முறை முறைத்தேன், போய்விட்டான். உண்மையைச் சொன்னால், அழுகை வந்தது. இரண்டு வாரமாகப் பொய் சொல்லி, ஊர் ஊராகத் தேடி, வாசல் வரைக்கும் கொண்டுவந்து, பாலத்துக்கு அந்தப் பக்கம் போகாமலே எல்லாம் கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். இனி டிவி மட்டும்தான் பேசும் எங்கள் வீட்டில்.

அப்போது சுரங்கப்பாலத்துக்குள்ளிருந்து ஒரு மொபட் வந்தது. சென்னியப்பன் ஓட்டுகிறான். பின்னால் தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு இவர். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பாலத்தைத் தாண்டி வருகிறார். சட்டைப் பித்தான் மாற்றிப் போட்டிருந்தது.

இறங்கினார். மெதுவாக டிரெய்லரைச் சுற்றி வந்தார். முன் மட்கார்டில் ஒரு நசுங்கல், பெயிண்டுக்கு அடியிலும் தெரியும். அதில் கையை வைத்தார். "நீலம் நல்லால்ல" என்றார்.

சென்னியப்பன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். "நங்கையா, இது அந்த வண்டியா? காவு..."

"வாய மூடு" என்று நான் சொல்ல வந்தேன். இவர் முந்திக்கொண்டார். என்னைப் பார்த்து, "ஏறு" என்றார்.

ஏறினேன்.

"கொக்கி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கறனுங்க."

"குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். இரண்டு மிதியும் ஒன்றாகப் பூட்டியிருந்தது. நிமிர்ந்தேன். இவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் சென்னியப்பனுக்குக் கேட்டது, மாதேசுக்குக் கேட்டது, பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"அன்னிக்கு நா கொக்கி போடுல தெய்வா. வயல்ல இருந்து கரைக்கு ஏறறப்ப மறந்துட்டேன். ஒரு பக்கத்த மட்டும் மிதிச்சேன், வாய்க்காலுக்குள்ள இழுத்துட்டுப் போயிருச்சு. பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சு. வண்டி ஒண்ணுமே பண்ணுல."

நான் யாரென்று தெரியாமலே அங்கமுத்து எனக்குச் சொன்னதும் அதுதான். கவிழ்ந்த வண்டியை முதலில் பிரித்துப் பார்த்தவர் அவர். பிரேக்கில் ஒரு பழுதும் இல்லை, கொக்கி கழன்றுதான் இருந்தது என்றார். என்னோடு போகட்டும் என்று இங்கேகூட எழுதாமல் வைத்திருந்தேன். இருபது வருஷம் ஓட்டிய மனுஷன், கொக்கி போட மறந்தேன் என்று எப்படிச் சொல்வார்? வண்டி மேல் பழியைப் போட்டுவிட்டார். போட்டுவிட்டு, வண்டி சத்தமே கேட்கப் பொறுக்காமல் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வராது.

"பின்னால நின்னு கை காட்டுங்க. பஸ்காரன் ஹாரன் அடிக்கறான்" என்றேன்.

போய் நின்றார். பலகைக்கு நேர் பின்னால், தடியை ஊன்றிக்கொண்டு. நான் தப்பு செய்தால் வண்டி அவர் மேல்தான் வரும்.

"தள்ளி நில்லுங்க!"

"கொக்கி போட்ட வண்டி எங்க போகும்? ரிவர்ஸ் கியரப் போடு. கிளச்ச விட்டுரு, மறுக்கா மிதிக்காத. கியர்லயே அது மெதுவா எறங்கும். வா. வா. அப்படியே வா."

ஒரு கையால் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே, ஓரோர் அடியாகப் பின்னால் நடந்தார். நான் பலகையைப் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தேன். கை இந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். பின் சக்கரம் தார் ரோட்டில் பட்டது, பிறகு முன் சக்கரம். "போதும்" என்றார். பஸ்ஸில் யாரோ கை தட்டினார்கள். நான் பெருமையாக இருக்கிற மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தான். எங்கிருந்துதான் இவனுக்கு நேரத்துக்குக் கிடைக்கிறதோ! சக்கரத்துக்கு அடியில் ஒன்றொன்றாக வைத்துவிட்டு, "சக்கரத்துலயேதான் ஊருக்குள்ள வருது. தூக்கிட்டு வர்ல. நல்லதுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்க ஓட்டுங்க" என்று நான் இவருக்கு இடம் விட்டு எழுந்தேன்.

வலது காலைத் தடியால் தட்டிக் காட்டினார். "பிரேக்க மிதிக்கற கால் இதுதான். இன்னும் ஒத்துக்காது. நீயே ஓட்டு." சென்னியப்பன் தோளைப் பிடித்து ஏறி, இடது பக்க மட்கார்டில் உட்கார்ந்தார். கல்யாணமான நாளிலிருந்து கஞ்சிப் போசியை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்து வந்த இடம் அது. "இது இத்தன சுடுமா?" என்றார்.

"சுடும். இத்தன நாள் கேட்டீங்களா?"

எலுமிச்சம்பழம் நசுங்கியது. பாலத்துக்குள் நுழைந்தோம்.

ஆனி 32, புதன்

நேற்று அவசரத்தில் ஒன்றை எழுத மறந்துவிட்டேன். வண்டியைக் கொட்டாயின் மேற்குப் பக்கம் விடும்போது தகரக் கூரை எறவாரத்தில் இடித்து மூன்று ஓடு உடைந்து விழுந்தது. ஒன்று என் தோளில் பட்டது. பெரிய அடி இல்லை.

இவர் மட்கார்டை விட்டு இறங்காமலே சொன்னார்: "அன்னிக்கே சொன்னேன், இடிக்கும்னு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விறகுக்கு எறவாரம் எப்படி இடிக்கும்?

"அப்ப அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"ஏதோ ஒரு வண்டி வருதுன்னு தெரியும். தட்டப்பயறு கொழம்புக்காக எவளாச்சும் வாரத்துக்கு மூணு நாள் அண்ணன் வீட்டுக்குப் போவாளா?"

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நிறுத்தியிருப்ப" என்றார்.

காலையில் பால் கறந்துவிட்டு வந்தால் ஆளைக் கட்டிலில் காணோம். தடியையும் காணோம். டிவி அணைந்து கிடக்கிறது. கொட்டாயில் முக்காலியைப் போட்டுப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வால்வைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"டயருல இருந்த தண்ணிய எங்க எறக்குன?"

"ஆத்தூர்ல."

"நாளைக்குச் சேத்துக்குள்ள எறங்குனா வழுக்குமல்லோ. மோட்டரப் போட்டுக் கொழாய இழுத்துட்டு வா."

மோட்டார் போட்டேன். குழாயை இழுத்துக்கொண்டு போய் வாயில் பிடித்தேன். கிணற்றுத் தண்ணீர் உள்ளே போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முக்கால் டயர் நிரம்பியதும் வேண்டுமென்றே நான் கையை எடுக்கவில்லை.

"போதும் போதும்" என்றார். நான் எடுக்கவில்லை.

"ஆனையா வளக்கற?" என்று சிரித்தார்.